அண்ணாச்சியின் மகளிர் தின உரை

பொங்கல் வியாபாரம் முடிந்து கடையில் கூட்டம் வடிந்ததும் கனகராஜுக்குப் பெண்களின் ஞாபகம் வந்துவிடும். மார்ச் எட்டாம் தேதி நெருங்குகிறதே என்ற கவலைதான். தி. நகரில் 'பூந்துகில்' என்ற அவருடைய ஜவுளிக்கடை நான்கு மாடிகளில் நிற்கிறது. அந்த வட்டாரத்து வணிகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கம் வருஷந்தோறும் நடத்தும் மகளிர் தின விழாவில் தலைமை உரையும் அவருடையதே. அதைக் கேட்டுக் கண்கலங்கிய வணிகர்கள் உண்டு. "அண்ணாச்சி மாதிரி பொம்பளைங்கள மதிக்கறவங்க யாரு இருக்கா?" என்று மைக் பிடிப்பவரெல்லாம் சொல்வார்கள். கனகராஜ் அடக்கமாகத் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார்.

உரையை எழுதுகிறவள் அவர் மனைவி ஸ்வர்ணலதா. இது சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அடையாறு காந்தி நகர் வீட்டில், இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவாள். 'பெண் பொறுமையின் பூமி, வீட்டின் விளக்கு, தியாகத்தின் திருவுருவம்.' கைப்பேசியில் வந்து விழும் வாழ்த்துச் செய்திகளிலிருந்து நாலு வரி, தானாக நாலு வரி. உப்புமா கிளறுவதைவிடச் சுலபமான வேலை. உப்புமாவுக்காவது தண்ணீர் அளவு பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் அதில் ஒரு சிக்கல் வந்தது. 

"போன தடவை நான் பேசின அதே பேச்சை, மாம்பலத்துக்காரன் அவன் சங்கத்துல பேசியிருக்கான் லதா," என்றார் கனகராஜ், தோசையைப் பிய்த்தபடி. "வார்த்தைக்கு வார்த்தை. கேட்டா, வாட்ஸாப்ல வந்துச்சுங்கறான்."

"எனக்கும் அதுலதான் வந்துச்சு."

"இந்தத் தடவை சீரியல் நடிகை சிறப்பு விருந்தினரா வர்றாங்க. டிவிக்காரங்க வருவாங்க. பேச்சு கனமா இருக்கணும். கோட்டூர்புரத்துல அவ்வளவு பெரிய லைப்ரரி கட்டி வெச்சிருக்கானே, போய் பொம்பளைங்களப் பத்தி ஏதாவது நல்ல புத்தகமாப் பார்த்து எடு. டிரைவர் இறக்கி விடுவான்."

ஆக, ஸ்வர்ணலதாவை இதற்குள் தள்ளிவிட்டது வேறு யாருமில்லை. சொந்தப் புருஷனே, சொந்தக் காரில், பிளாஸ்க்கில் காபியும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஐம்பத்தொரு வயதில் அவள் நூலகத்துக்குள் நுழைந்தாள் என்றால், இந்த மாதிரி விஷயமெல்லாம் அவளுக்குப் புதிது என்று அர்த்தமில்லை. மயிலாப்பூரில் பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது அவள் பேரைச் சொன்னால் விடுதி வார்டன் தலையில் கைவைத்துக்கொள்வார். 'மனைவியின் கோபமா? மடியில் போடுங்கள் ஒரு பட்டு!' என்று ஒரு கடை பனகல் பூங்கா பக்கம் விளம்பரத் தட்டி வைத்திருந்தது. ஏணி போட்டு ஏறி அதில் தார் பூசியவள் அவள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அவள் தோழி சந்திரிகா. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே விடுதிக்குத் திரும்பினார்கள்.

பிறகு கனகராஜ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் கடை போட்டு நிமிர்ந்த குடும்பம். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பையன் சிகரெட் பிடிப்பதில்லை, சிரித்தால் நன்றாக இருந்தான், அவ்வளவுதான். தார் பூசிய கையில் மருதாணி வைத்துக்கொண்டு, தட்டி வைக்கிற குடும்பத்துக்கே மருமகளாகிவிட்டாள். போன தீபாவளிக்கு 'பூந்துகில்' வைத்த தட்டியில் என்ன வாசகம் என்று கேட்டால் வெட்கக்கேடு. 'அவள் முறைத்தால் பட்டை அள்ளி வாருங்கள்.' வாசகம் அவளே சொன்னது. கனகராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

நூலகத்தில் முதல் நாள் அவள் அலட்சியமாகத்தான் புத்தகத்தைப் பிரித்தாள். நாலு வரி உருவிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணம். எல்லாம் தெரிந்த சங்கதிதானே? அடிமை, விடுதலை, சமத்துவம். இருபது வயதில் வாய் வலிக்கப் பேசியாகிவிட்டது. குளிர்பதன அறையில் ஒரு கொட்டாவிகூட விட்டாள். அப்போது ஒரு பத்தி கண்ணில் பட்டது. வீட்டு வேலை செய்கிறவளுக்குக் கூலி கிடையாது, அதற்குப் பதிலாகப் புகழ்ச்சி கொடுக்கப்படுகிறது. கொடுப்பது எவ்வளவுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு புகழ்ச்சி உயர்ந்துகொண்டே போகும். ஒன்றுமே கொடுக்காத இடத்தில் அவளைத் தெய்வம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஸ்வர்ணலதா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து முறைத்தாள். பின்னே சிரிக்காமல் என்ன செய்வது? தெய்வம், விளக்கு, பூமி என்று இத்தனை வருஷமாகத் தனக்குரிய கூலியைத் தானே எழுதி, புருஷன் கையில் கொடுத்து, அவர் வாயால் மேடையில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்! இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு எந்த ஜவுளிக்கடையிலும் இருக்காது.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். வீட்டில் கேட்டால், உரைக்காக என்றாள். கனகராஜுக்குப் பெருமை. "நம்ம பேச்சுக்கு வீட்டுல ஆராய்ச்சியே நடக்குது," என்று சங்கத்துச் செயலாளரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டு, 'வீட்டுல' என்ற சொல்லை விழுங்கப் பார்த்தார்.

ஒரு புத்தகத்தில், நூறு வருஷத்துக்கும் முன்னால் வேறொரு தேசத்தில் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. நாள் முழுக்க நின்று நின்று அவர்கள் கால் வீங்கியதையும், உட்கார ஓர் ஆசனம் கேட்டுச் சண்டை போட்டதையும் எழுதியிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்தால் வாங்க வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று அந்தக் கடை முதலாளிகள் சொன்னார்களாம். ஸ்வர்ணலதாவுக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கனகராஜின் அக்கா மகன் மகேஷ்தான் 'பூந்துகில்' கடையில் மேற்பார்வை. சில வருஷம் முன்பு, கடைப் பெண்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, இதே வாக்கியத்தை அவள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னான். ஆனாலும் சட்டமாயிற்றே என்று ஸ்டூல்கள் வாங்கினார்கள். நிறம் தேர்ந்தெடுத்தவள் ஸ்வர்ணலதா. மெரூன். பெண்களை அதில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு எழுந்தவர்கள்தான், பிறகு உட்காரவே இல்லை. இப்போது அந்த ஸ்டூல்களில், மனைவி புடவை எடுத்து முடிக்கும்வரை கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கிற கணவன்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் பார்க்கிற காட்சிதான். பார்த்துவிட்டு, மாடியில் கனகராஜின் அறைக்குப் போய் இளநீர் குடித்துவிட்டு வருவாள்.

இதை யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தது. சந்திரிகாவின் நம்பரைத் தேடிப்பிடித்தாள்.

சந்திரிகா பெசன்ட் நகரில், பால்கனியில் நின்றால் கடல் தெரிகிற ஃபிளாட்டில் இருந்தாள். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெண்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கிறாளாம். தலைமுடியை நரைக்க விட்டு, அந்த நரைக்குத் தனியாக எண்ணெய் போட்டு மினுக்கி வைத்திருந்தாள்.

"அந்தத் தார் டின் ஞாபகம் இருக்காடீ?" என்றாள் ஸ்வர்ணலதா ஆசையாக.

"ஐயோ, அதைப் போய்! சின்ன வயசு. இப்போல்லாம் எதிர்த்து நிக்கறது யாருக்கும் பிடிக்கறதில்லடீ. உள்ளே போய்தான் மாத்தணும்."

"சரி, உள்ளே போயி என்ன மாத்தின?"

சந்திரிகா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ஒரு கம்பெனியில் பெண்களுக்கு என்று தனியாக யோகா அறை வந்ததைச் சொன்னாள். கிளம்பும்போது, 'நானே சக்தி' என்று அச்சடித்த ரோஸ் நிறக் கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். வாசலில் வைத்து, "சொன்னாத் தப்பா நினைக்காதே," என்று ஆரம்பித்தாள். "போன மாசம் உன் கடைக்கு வந்தேன். அந்தப் பொண்ணுங்க முகத்துல சிரிப்பே இல்லடீ. கடுகடுன்னு நிக்கறாங்க. ஒரு நாள் வந்து நான் அவங்களுக்கு டிரெயினிங் குடுக்கட்டுமா?"

காரில் திரும்பும்போது ஸ்வர்ணலதா அவளை மனதுக்குள் கிழிகிழி என்று கிழித்தாள். அடையாறு வருவதற்குள் அதுவும் சப்பென்று போயிற்று. ஏணியைப் பிடித்தவள் கோப்பை நீட்டுகிறாள் என்றால், ஏணியில் ஏறியவள் என்ன கிழித்துவிட்டாள்? சந்திரிகாவாவது அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

வீட்டில் அவளிடம் தெரிந்த மாற்றம் ரொம்பச் சின்னதுதான். கனகராஜ் எதையாவது சொன்னால் "ஏன்?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஏன் என் கையால்தான் சாப்பிடணும்? உங்க அக்கா வர்றப்ப ஏன் நான் மட்டும் எழுந்து நிக்கணும்? கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்டாள். அதுதான் கனகராஜைப் பயமுறுத்தியது. கோபம் என்றால் ஒரு பட்டுப் புடவையோடு போய்விடும். இதற்கு எந்த மாடியிலும் சரக்கு இல்லை.

அவளை மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"என்ன செய்யுது உங்களுக்கு?" டாக்டர் ஸ்வர்ணலதாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"முன்ன மாதிரி இல்லம்மா," என்றார் கனகராஜ். "எதைச் சொன்னாலும் ஏன் ஏன்னு கேக்கறா."

"தூக்கமெல்லாம் எப்படி?"

"நல்லாத் தூங்கறா. தூக்கம் போனது எனக்குத்தான்."

"சாப்பாடு?"

"சாப்பிடறதுல குறையில்ல. சமைக்கறதுலதான் குறை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாதவிடாய் நிக்கற வயசுல மனசு கொஞ்சம் அலைபாயும் சார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதறேன். காலை வெயில்ல நடக்கட்டும். மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது செய்யச் சொல்லுங்க. புத்தகம் படிக்கலாம்."

கனகராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அதைத்தாம்மா நிறுத்தணும்!"

"டாக்டர்," என்றாள் ஸ்வர்ணலதா. அறைக்குள் வந்ததிலிருந்து அதுதான் அவள் பேசிய முதல் சொல். "இவருக்கு அம்பத்தெட்டு வயசாகுது. பொறந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல. அதுக்கு மாத்திரை இருக்கா?"

டாக்டர் சட்டென்று குனிந்து மருந்துச் சீட்டை எழுதினார். நிமிர்வதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையே மார்ச் வந்தது. ஸ்வர்ணலதா உரையை எழுதினாள். இந்தத் தடவை அரிசி ஊறப் போடவில்லை, மாவு கடையில் வாங்கிக்கொண்டாள். எழுதி, மடித்து, வழக்கம்போலக் கனகராஜின் சட்டைப்பையில் வைத்தாள். அவர் மேடை ஏறுவதற்கு முன் படித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. மனைவி எழுதியதை முன்கூட்டிப் படிப்பானேன்? மனைவி சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டா சாப்பிடுகிறார்?

அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. பெண்களின் சாதனையைக் கொண்டாடக் கோலப்போட்டி, பூத்தொடுக்கும் போட்டி, அப்புறம் இசை நாற்காலி. வணிகர்களின் மனைவிமார் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலிகளைச் சுற்றி ஓடினார்கள். பாட்டு நின்றதும் ஒருத்தி உட்கார இடமில்லாமல் நின்றாள். உடனே இன்னொரு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். கூட்டம் கைதட்டியது. இதைவிட நேராக இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது என்று ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றியது. தான் எழுதிய உரையே வீண்.

கனகராஜ் மைக் முன் வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, அந்தப் புகழ்பெற்ற கரகரத்த குரலில் வாசித்தார்.

"பெண்ணைத் தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே நாம் அவளுக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பித்துவிட்டோம்."

பலத்த சிரிப்பு. நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். கனகராஜுக்கும் உற்சாகம் பிறந்தது.

"என் கடையில் பெண்கள் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நிற்கிறார்கள். சட்டம் வந்ததற்காக ஸ்டூல் வாங்கினோம். அந்த ஸ்டூல்களில் உங்களைப் போன்ற கணவன்மார் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள்."

மண்டபமே குலுங்கியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவர் தொடையில் அடித்துச் சிரித்தார். 

"நாளை முதல் அது மாறும். என் கடையில் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். இது வாக்குறுதி." அதுவரை வந்த வேகத்தில் அவர் குரல் இதையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனபோதுதான் அவர் கண் நின்றது. 'இந்த உரையைக்கூட நான் எழுதவில்லை, இதுவரை பேசிய எதையும் நான் எழுதவில்லை' என்று அங்கே இருந்தது. கனகராஜ் ஒரு முறை இருமினார். தாளை மடித்தார். "பெண்மை வெல்க!" என்று முடித்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சீரியல் நடிகை, இப்படி ஒரு புரட்சிகரமான முதலாளியைப் பார்த்ததில்லை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். 

காரில் வரும்போது கனகராஜ் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் எதிர்பார்த்தது ஒரு சண்டை. 

"கடைசியில அந்த ஒரு வரிதான் லதா கொஞ்சம் ஓவர். மத்தபடி காமெடி பிரமாதம்."

"நாளைக்கு உட்காரலாம்ல அவங்க?"

"எவங்க?"

"கடைப் பொண்ணுங்க. வாக்குறுதின்னு சொன்னீங்களே."

"ஐயே, அது பேச்சு லதா," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல.

இருபது வயதில் என்றால் அந்த இடத்திலேயே காரை நிறுத்தி இறங்கியிருப்பாள். இப்போது அவள் இறங்கவில்லை. கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. முகூர்த்த நாள் நெருங்குவதால் காலையிலேயே கூட்டம். ஸ்வர்ணலதா நேராக ஸ்டூல்களிடம் போனாள்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

"நான் கஸ்டமர்ம்மா," என்றார் அதில் இருந்தவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாங்கறது உங்க வீட்டம்மா. அவங்களே நின்னுக்கிட்டுதான இருக்காங்க?"

அவர் மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்ததில் அவருக்கு எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்வர்ணலதா அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கவுன்டருக்குப் பின்னால் போட்டாள். அங்கே புடவை மடித்துக்கொண்டிருந்தவள் ரூபீனா. ராயப்பேட்டைக்காரி, நாற்பதைத் தாண்டியவள். அந்த மாடியில் நெடுநாளாக இருப்பவள், வாயும் கொஞ்சம் அதிகம்.

"உட்காரும்மா."

ரூபீனா ஸ்டூலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இன்னா மேடம், திரும்ப போட்டோ புடிக்கப் போறாங்களா?"

"போட்டோ இல்ல. நிஜமாத்தான். கூட்டம் இல்லாதப்ப உட்காரு, துணி மடிக்கறப்ப உட்காரு."

"நீங்க சொல்லிட்டு கார்ல ஏறிப் போய்டுவீங்க. அப்பால மகேஷ் சார் வந்து கத்துவாரு. வாங்கிக் கட்டிக்கினு நிக்கறது நானு. எனக்கு இன்னாத்துக்கு மேடம் இந்த வம்பு?"

ஸ்வர்ணலதா இன்னொரு ஸ்டூலை இழுத்து, கவுன்டருக்குப் பின்னால், ரூபீனாவுக்கு எதிரே போட்டுத் தான் உட்கார்ந்தாள். "நான் போகல," என்றாள்.

சிறிது நேரத்தில் மகேஷ் வந்தான். அத்தையைப் பார்த்துவிட்டு, மாமாவிடம் சொல்ல மாடி ஏறினான். அதற்குப் பிறகு கனகராஜ் இறங்கி வந்தார். வாடிக்கையாளர் முன்னால் சிரித்தபடியே மனைவியைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"கடை யாருதுன்னு நெனச்சிட்டு இருக்க?"

"பாதி என்னுது. நீங்கதானே பங்குதாரர்னு போட்டீங்க."

"அது வரிக்காகப் போட்டது லதா!"

"ஓகோ. வரிக்காரனுக்குத் தெரியற அளவுக்குக்கூட நான் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"ஊரே சிரிக்கும்."

"நேத்தே சிரிச்சுதே. பொன்னாடைகூடப் போட்டாங்க."

கனகராஜ் மின்விசிறியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சுவரில் மாலை போட்டிருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். உதவ யாரும் வரவில்லை. "வீட்டைப் பார்த்துக்கறது யாரு?" என்றார் கடைசியாக.

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஏன் நானு?"

அன்றிலிருந்து ஸ்வர்ணலதா தினமும் கடைக்கு வந்தாள். கனகராஜின் அக்கா போன் போட்டு அழுதார். சங்கத்துக்காரர்கள், அண்ணாச்சி வீட்டம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அனுதாபப்பட்டார்கள். பக்கத்துக் கடை முதலாளி தன் மனைவியிடம் இந்தப் பக்கமே போகாதே என்றாராம். கனகராஜ் ஒரு மாதம் ஓட்டலில் சாப்பிட்டார். பிறகு ஓட்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளாமல் ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார். வேறொருவர் கையால் சாப்பிட்டும் அவர் உயிரோடுதான் இருந்தார். மாடியில் பெண்கள் முதலில் ஸ்டூலின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார்கள். வைகாசி முகூர்த்தத்துக்குள் நன்றாகவே உட்காரப் பழகிவிட்டார்கள். வியாபாரம் குறையவில்லை. குறையவில்லை என்று தெரிந்ததும் கனகராஜ் ஒரு வணிகப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 'பணியாளர் நலனில் ஒரு முன்னோடி' என்று தலைப்பு. படத்தில் மெரூன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

ஸ்வர்ணலதா அதைப் பார்த்துச் சிரித்தாளே ஒழிய, அவளுக்குள்ளும் ஒரு மிதப்பு வராமல் இல்லை. நடையில் ஒரு நிமிர்வு. பெண்கள் வணக்கம் சொன்னால், இருக்கட்டும் இருக்கட்டும் என்று கையமர்த்துகிற ஒரு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையில்தான், கத்தரி வெயிலில் ஒரு நாள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

"வெயில் கொளுத்துது. நிறையத் தண்ணி குடிக்கணும், என்ன?"

எல்லாரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். ரூபீனா பாட்டிலைத் திறக்காமல் அலமாரியில் வைத்தாள்.

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா அப்பால எங்க போறது மேடம்?"

"மேல பாத்ரூம் இருக்கே."

"கீது. பூட்டும் கூடவே கீது. சாவி மகேஷ் சாராண்ட. போய் நின்னா அந்தாளு கைக் கடியாரத்தப் பாப்பாரு. இப்பதானே போனேன்னு அத்தினி ஜனம் முன்னால கேப்பாரு. அதுக்கு பயந்துக்கினு இங்க பாதிப் பேரு காலைலேர்ந்து தொண்டை நனைக்கறதில்ல. மூத்திரக் கடுப்புல அழுதுக்கினு வேலை செய்றாளுங்க." ரூபீனா புடவையை உதறி மடித்தாள். "உக்கார வெச்சீங்க, சந்தோஷம். உக்காந்துகினே எவ்ளோ நேரம் மேடம் அடக்கறது?"

ஸ்வர்ணலதா அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். இத்தனை வாரமாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். தேவைப்பட்டால் அவள் போவது கனகராஜின் அறையை ஒட்டிய, பளிங்கு பதித்த கழிவறைக்கு. மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? புத்தகத்தில் அந்த அத்தியாயம் இன்னும் வரவில்லை போலும், என்று தன்னையே ஏளனம் செய்துகொண்டு எழுந்தாள்.

லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். படியேறி நாலாவது மாடிக்குப் போனாள். மூச்சு வாங்கியது. சரக்கு மூட்டைகளுக்கு நடுவே தகரக் கதவு, அதில் பித்தளைப் பூட்டு. பின்னாலேயே மகேஷ் ஓடி வந்தான்.

"அத்தை, நீங்க ஏன் இங்கெல்லாம்? மாமா ரூம்ல—"

"சாவியக் குடு."

"திறந்து போட்டா உள்ள போயி போன் நோண்டிக்கிட்டே நிப்பாங்க அத்தை. உங்களுக்கு இவங்களப் பத்தித் தெரியாது."

"தெரியாதுதான். குடு."

பூட்டைத் திறந்து தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு வலுக்கட்டாயமாகத் திரும்பிப் பார்த்தாள். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. உள்தாழ்ப்பாள் இல்லை. "சாயங்காலத்துக்குள்ள பிளம்பரும் ஆசாரியும் இங்க இருக்கணும்," என்றாள். "அதுவரைக்கும் நீ கீழ போய் பட்டுப் பிரிவுல நில்லு. உட்காராம."

செய்தி எப்படித்தான் இறங்கியதோ, பெண்கள் படியேறி வர ஆரம்பித்தார்கள். இரண்டு பேர், ஐந்து பேர், பிறகு படிக்கட்டு வளைவு வரை வரிசை நீண்டுவிட்டது. கதவு திறந்து மூடுகிற சத்தம்தான். நிற்க நிற்க ஸ்வர்ணலதாவுக்கே அவசரமாகத்தான் இருந்தது. கீழே பளிங்குக் கழிவறை இருந்தது, இறங்கினால் போதும். அவள் இறங்கவில்லை. வரிசையின் வால் வரைக்கும் நடந்து, ரூபீனாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ரூபீனாவுக்கு முன்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தி பதறி விலகினாள். "மேடம், நீங்க முன்னாடி போங்க."

"வேணாம்மா. வரிசைக்கு நான் கடைசியாத்தானே வந்தேன்."

"அப்ப நில்லுங்க," என்றாள் ரூபீனா, திரும்பிப் பார்க்காமல்.